இருபத்திநாலாவது டெமோ மிஸ்

அந்த நாற்காலி வேண்டாம் டீச்சர், அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி பெஞ்சுக்கு வந்துருங்க. ஃபைலை மடியில் வைக்காதீங்க, வேர்வையில் அட்டை சேலையோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே கூப்பிடும்போது எழுந்தால் சர்டிஃபிகேட்டெல்லாம் தரையில் கிடக்கும். எனக்கு ஒரு தடவை அப்படி ஆகி, கரஸ்பாண்டன்ட் முன்னால் மண்டி போட்டுப் பொறுக்கினேன். அந்த வேலை கிடைத்தது. அது வேறு கதை.

டெமோவுக்குத்தானே? சயின்ஸ்? பத்து-பி என்று சொல்லியிருப்பார்கள். ம்.

முதல் இன்டர்வியூவா? எப்படித் தெரியும் என்று பார்க்கிறீங்க. சேலையில் எத்தனை பின் குத்தியிருக்கீங்கன்னு எண்ணிப் பாருங்க. நானும் முதல் இன்டர்வியூவுக்கு ஏழு பின் குத்திக்கொண்டுதான் போனேன். இப்போது ஒன்று. அடுத்த பள்ளிக்கூடத்துக்கு அதுவும் இருக்காது என்று நினைக்கிறேன்.

சார் இன்னும் வரவில்லை. பத்து மணி ஆகும். நானும் அவருக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு போன் நம்பரை அவரிடம் காட்ட வேண்டும். காட்டினால் எனக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். காட்டாவிட்டால் ஃபைலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவ்வளவுதான் விஷயம். சின்ன விஷயம். எனக்கு ஏன் செவ்வாய்க்கிழமையிலிருந்து தூக்கம் வரவில்லை என்றுதான் தெரியவில்லை. வெயில் காரணமாக இருக்கும்.

என் பெயர் உலகேஸ்வரி. ஃபிசிக்ஸ். மூன்று வருடத்தில் இது நாலாவது பள்ளிக்கூடம். எனக்கு நிலையில்லை என்று அம்மா சொல்கிறாள். நிலையெல்லாம் இருக்கிறது டீச்சர், சரியான பள்ளிக்கூடம் அமையவில்லை. அவ்வளவுதான். எனக்கு ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். என்னை யாரும் ஏமாற்றிவிட முடியாது, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

முதல் பள்ளிக்கூடத்தில் பிரின்சிபால் மேடம் மூக்கால் பேசுவார்கள். "மிஸ்ஸ், நாங்க ஃபேமிலி மாதிரி மிஸ்ஸ். ஃபேமிலியில யாராவது லீவு கேப்பாங்களா மிஸ்ஸ்?" சிரிக்கிறீங்க. அப்படியே அந்த அம்மாவின் குரல். இந்தக் குரல் விளையாட்டு எனக்குப் பிறவியில் வரவில்லை, சமீபத்தில் ஒட்டிக்கொண்டது. யாரிடமிருந்து என்று பிறகு சொல்கிறேன். அங்கே ஏப்ரல், மே இரண்டு மாதமும் வெயிலில் வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுத்து அட்மிஷன் பிடிக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து பிள்ளை. நான் பிடித்தது ஒன்றரை. ஒரு தாய் மூத்தவனைச் சேர்த்துவிட்டு, இளையவனை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். அந்த இளையவனையும் கணக்கில் சேர்த்து எழுதினேன், ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது பள்ளிக்கூடத்தில் நம் ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பாதியில் ஓடிவிடக் கூடாதாம். ஆர்டர் அப்புறம் வரும் என்றார்கள். அது வருவதற்குள் நான் ராஜினாமா கொடுத்துவிட்டேன். மூன்றாவது பள்ளிக்கூடத்தில் பதினோரு நாள். அதைப் பற்றிப் பேச வேண்டாம். அங்கே ஹெட்மாஸ்டருக்கு நாய் பிடிக்கும், அவ்வளவு சொன்னால் போதும்.

பிறகுதான் இங்கே.

ஜூன் கடைசி வாரம், இதே பெஞ்ச். உங்களை மாதிரியே ஃபைலோடு உட்கார்ந்திருந்தேன். கரஸ்பாண்டன்ட் தர்மக்கண் சார் உள்ளே கூப்பிட்டார். அவர் பேசுவதற்கு முன்னால் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார். உஹும், உஹும். "மேடம், பத்தாங் கிளாஸ் பி செக்‌ஷன்ல ஒரு டெமோ குடுங்க. லென்ஸ் எடுங்க. மேனேஜ்மென்ட்ல பாப்பாங்க."

சாதாரணமாக டெமோ என்றால் நமக்குப் பிடித்த பாடத்தை எடுக்கச் சொல்வார்கள். நாமும் ஒரே பாடத்தை ஊர் ஊராகக் கொண்டுபோவோம். நான் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நியூட்டனின் மூன்றாம் விதிதான். பலூனைக்கூட கையோடு கொண்டுபோவேன். இவர் லென்ஸ் என்று குறிப்பாகச் சொன்னதும், பரவாயில்லையே, பாடத்தில் அக்கறை உள்ள மனுஷன் என்று நினைத்தேன்.

வகுப்புக்குள் போனேன். நாற்பத்தோரு பிள்ளைகள் எழுந்து நின்று, "குட் மார்னிங் மிஸ், வெல்கம் மிஸ்" என்றார்கள். நோட்டு திறந்திருக்கிறது, தேதி போட்டிருக்கிறது, மார்ஜின் கோடு போட்டிருக்கிறது. நான் நியூட்டனைப் பற்றி ஒரு வார்த்தை ஆரம்பித்திருப்பேன், பழக்க தோஷம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ரெட்டைச் சடை, முன்பல் கொஞ்சம் தூக்கல்.

"மிஸ், நியூட்டனை பச்சைச் சேலை மிஸ் முடிச்சுட்டாங்க. நேத்து வந்த சார் ஒளிச்சிதறல் முடிச்சுட்டாரு. நீங்க லென்ஸ்ல இருந்து ஆரம்பிச்சா போதும்."

அவள்தான் பெனிட்டா. அப்பா இங்கே பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கிறார்.

நான் அப்போதும் யோசிக்கவில்லை. கட்டுப்பாடான வகுப்பு என்றுதான் நினைத்தேன். நாற்பது நிமிஷம் எடுத்தேன். குவிலென்ஸ், குழிலென்ஸ், குவியம். சார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நல்லாருக்கு மேடம். நாளைக்கும் ஒரு டெமோ குடுங்க, இன்னொரு மெம்பர் பாக்கணும்" என்றார். மறுநாள் வந்தேன். லென்ஸ் படம் வரைந்தேன். "நாளைக்கும் ஒண்ணு மேடம், என் மச்சான் ஒருத்தர் பாக்கணும்." அதற்கும் வந்தேன். மெம்பரும் வரவில்லை, மச்சானும் வரவில்லை. பாடம் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது அந்தப் பெனிட்டா எழுந்தாள். "மிஸ், ஒரு சந்தேகம். எங்க அப்பா கண்ணாடிய வெயில்ல காட்டி பேப்பர்ல வச்சேன், புகை வந்துச்சு. எங்க அக்கா கண்ணாடியில அரை மணி நேரம் வச்சேன், ஒண்ணும் வரல்ல. அது ஏன் மிஸ்? அக்கா கண்ணாடிதான் விலை ஜாஸ்தி."

டீச்சர், மூன்று வருடத்தில் ஒரு பிள்ளை என்னிடம் புத்தகத்தில் இல்லாத கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக வாயைத் திறந்தேன், மணி அடித்துவிட்டது. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

சாதாரணமாகச் சொன்னதுதான். எல்லோரும் நம்மிடம் சொல்வதுதானே அது? இன்டர்வியூ முடிந்ததும், "நாளைக்குச் சொல்றோம் மேடம்." எத்தனை நாளைகள்.

அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் நீலச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். கையில் ஃபைல். பேச்சுக் கொடுத்தேன். "பத்து-பி தானே? நான் மூணு நாள் குடுத்தேன் மேடம். ஓகேவா? பிள்ளைக நல்ல பிள்ளைக, ஓகேவா? ஆனா வேலை கிடையாது. ஜனவரியில இருந்தே, இந்தப் பிள்ளைக ஒன்பதாங் கிளாஸ்ல இருக்கும்போதே, சயின்ஸுக்கு ஆள் போடல. டெமோ குடுக்க வாறவங்கள வச்சே போர்ஷனை ஓட்டுறாங்க. இன்னிக்கு சும்மா கேட்டுப் பாப்போம்னு வந்தேன், ஓகேவா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கோபம் வர வேண்டும். வரவில்லை. அலுப்புதான் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன், இரண்டு ஸ்டாப் தாண்டி இறங்கினேன். மறுநாளிலிருந்து வரவில்லை. பைபாஸ் ரோட்டில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறதே, கண்ணாடி வைத்த கட்டடம், அங்கே போனேன். ஒரே டெமோ, அதே பலூன். பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லச் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் போன் வந்தது.

உஹும், உஹும், உஹும். "மேடம், தர்மக்கண் பேசுறேன். உங்கள ஃபைனலைஸ் பண்ணியாச்சு. திங்கக்கிழமை ஜாயின் பண்ணிருங்க. பத்து-பி உங்களுக்குத்தான். அந்த லென்ஸை மட்டும் பாதியில விட்டுட்டீங்களாம், அதை முடிச்சிருங்க. ஆர்டர் பின்னாடி வரும்."

நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீங்க? கரஸ்பாண்டன்ட்டுக்கு லென்ஸ் பாதியில் நின்றது எப்படித் தெரியும் என்று கேட்பீங்க. எனக்கும் தோன்றியது. ஆனால் நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? பாருங்க, இவ்வளவு பெரிய மனுஷன் ஒவ்வொரு வகுப்பையும் உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார், நாம்தான் அந்த நீலச் சட்டை பேச்சைக் கேட்டுத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று. ஆர்டர் பின்னாடி வரும் என்பதும் சந்தேகமாகப் படவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் முன்னாடி வந்தது? பைபாஸ் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், "இதாவது நிலைக்குமாட்டி?" நிலைக்கும் என்றேன்.

திங்கட்கிழமை வந்தேன். ஆபீஸில் இருக்கிறார்களே ஆறுமுகத்தாய் அக்கா, உங்களிடம் ரிஜிஸ்டர் நீட்டினார்களே, அவர்கள்தான். "வந்துட்டியளா மேடம்? பத்து-பி தானே, போங்க போங்க" என்று அதே ரிஜிஸ்டரை என்னிடமும் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் அதில் என்ன எழுதினீங்க? தேதி, பெயர், போன் நம்பர், வந்த நேரம், அப்புறம் 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம். டெமோ என்று எழுதியிருப்பீங்க. நான் 'பணி' என்று எழுதினேன். மேலே எல்லாம் டெமோ, டெமோ, டெமோ, குடிதண்ணீர் கேன், டெமோ, அதற்குக் கீழே என் கையெழுத்தில் பணி. அது விசிட்டர் ரிஜிஸ்டர் டீச்சர். ஜூலை மாதம் முழுவதும், இருபத்திரண்டு நாள், விசிட்டர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஸ்டாஃப் ரிஜிஸ்டர் வேறு ஒன்று பச்சை அட்டையில் இருக்கிறது. அது ஆர்டர் வந்த பிறகு தருவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அக்காவும் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள், "என்ன மேடம், உங்களுக்கு மட்டும் சார் இவ்ளோ நாள் டெமோ வச்சிட்டாவளா?" வேடிக்கையாகப் பேசுகிறார்கள் என்று நானும் சிரித்தேன்.

சாரையும் வராந்தாவில் பார்ப்பேன். உஹும், உஹும். "என்ன மேடம், டெமோ நல்லாப் போகுதா?" அவருக்கும் நகைச்சுவை உணர்வு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அவர் என்ன நினைத்திருக்கிறார் என்றால், பாவம், இந்தப் பொம்பளை வேலைக்கு ஆசைப்பட்டுத் தானாகவே தினமும் வந்து டெமோ கொடுத்துக்கொண்டிருக்கிறாள், கொடுக்கட்டும். ஒரு மாதம் டீச்சர். அவர் என்னை நினைத்து இரக்கப்பட்டிருக்கிறார், நான் அவர்மேல் மரியாதை வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த மாதம்... வேண்டாம், அதைச் சொன்னால் நான் இந்தப் பள்ளிக்கூடத்தைப் புகழ்கிறேன் என்று நினைப்பீங்க. இங்கே லேப் என்று ஒரு அறை இருக்கிறது, அதில் சைக்கிள் நிறுத்துகிறார்கள். சாக்பீஸ் எழுதினால் எழுத்து வராது, பொடிதான் வரும். மூன்று ஃபேனில் ஒன்று சுற்றும், அதுவும் நம்மைப் பார்க்காது. இந்த ஓட்டைப் பள்ளிக்கூடத்தில் யார் இருப்பார்கள்?

முதல் நாளே வீட்டில் கண்ணாடி போடுபவர்கள் யார் யார் என்று கேட்டு, ஆளுக்கு ஒரு கண்ணாடி வாங்கி வரச் சொன்னேன். மறுநாள் பத்தொன்பது கண்ணாடி வந்தது. மைதானத்தில் வெயிலில் உட்கார வைத்தேன். எது வெளிச்சத்தைக் குவிக்கிறது, எது விரிக்கிறது என்று அவர்களாகவே பிரித்து இரண்டு குவியலாக வைத்தார்கள். அப்பா கண்ணாடி எல்லாம் ஒரு பக்கம், அக்கா கண்ணாடி எல்லாம் ஒரு பக்கம். பெனிட்டா கத்தினாள் பாருங்க, "மிஸ்! எங்க அக்கா குழிலென்ஸ் மிஸ்!" என்று, ஏதோ அக்காவுக்குக் கலெக்டர் வேலை கிடைத்த மாதிரி. அன்றைக்குப் பத்தொன்பது குடும்பத்தில் யாரும் பேப்பர் படித்திருக்க முடியாது. மூன்று அப்பாக்கள் சண்டைக்கு வந்தார்கள். அதில் ஒருவர் சண்டை போட்டு முடித்துவிட்டு, தன் கண்ணாடி எந்தக் குவியல் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

வெப்பம் முடித்தேன். மின்னோட்டம் பாதி முடித்தேன். கால் வலி, தொண்டை வலி, மூன்று பஸ் மாறி வர வேண்டும். சுத்தமாகப் பிடிக்கவில்லை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை சம்பளம். ஸ்டாஃப் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். நான் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை. நானே போனேன்.

"சம்பளமா?" என்றார் சார். உஹும், உஹும். "மேடம், உங்க செலக்‌ஷன் ப்ராசஸ் இன்னும் போய்க்கிட்டுல்லா இருக்கு?"

"நீங்கதானே சார் போன் பண்ணினீங்க? ஃபைனலைஸ் பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே?"

"நானா?"

அவர் பொய் சொல்லவில்லை டீச்சர். அந்த முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே முழித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் இரண்டு தடவைதான் செருமுகிறார். போனில் மூன்று.

சார் லேசுப்பட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிவிட்டுச் சொன்னார், "யாரோ என் பேர்ல விளையாடியிருக்கான். எந்த நம்பர்ல இருந்து வந்துச்சு? அதை வெள்ளிக்கிழமை எங்கிட்ட காட்டுங்க. நம்ம ஸ்கூல் ஆளுன்னு தெரிஞ்சா அதுக்கு நான் பொறுப்பு. உங்களுக்கு ஜூலையில இருந்தே ஆர்டர் போட்டுத் தாறேன். ஸ்டூடண்டா இருந்தா அன்னிக்கே டிசியக் கிழிச்சுக் கையில குடுத்துருவேன். நம்பர் இல்லைன்னா மேடம், நீங்களா வந்தீங்க, நீங்களா போறீங்க."

வெள்ளிக்கிழமை இன்றைக்குத்தான்.

நம்பர் இருக்கிறது. இதோ பாருங்க, ஜூலை மாதம், ஞாயிறு, பன்னிரண்டு நாற்பது. கரஸ்பாண்டன்ட் என்றால் நாலைந்து நம்பர் வைத்திருப்பார் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். "ஆரஞ்சு கிலோ நூத்தி இருபது, கொய்யா அம்பது, யாரு பேசுறது?" என்று ஒரு ஆண் குரல். வைத்துவிட்டேன்.

புதன்கிழமை வகுப்புக்குப் போனேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. படிக்கச் சொல்லிவிட்டு மேஜையில் தலையைச் சாய்த்தேன். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து மெதுவாக ஒரு குரல்: "மிஸ்ஸுக்குத் தலைவலியா? ஓகேவா? தைலம் வேணுமா? ஓகேவா?" அப்படியே அந்த நீலச் சட்டை. வகுப்பு சிரித்தது. பிறகு யாரோ ஒரு பெண் களைத்த குரலில், "அமைதியா இருங்க பிள்ளைகளா... நாளைக்குச் சொல்றேன்..." என்றாள். யார் குரல் இது, எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தேன். என் குரல் டீச்சர். இழுத்து இழுத்து, வாக்கியம் முடிவதற்குள் உயிர் போகிற மாதிரி. நான் அப்படியா பேசுகிறேன்? சொல்லுங்க. சரி, வேண்டாம்.

மணி அடித்ததும் பெனிட்டாவைத் தனியாகக் கூப்பிட்டேன். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவளே நோட்டை நீட்டினாள். கடைசிப் பக்கத்தில் பட்டியல். ஜனவரியிலிருந்து டெமோவுக்கு வந்த எல்லோரும், வரிசை எண் போட்டு, பத்துக்கு மார்க் போட்டு. '9. பச்சைச் சேலை மிஸ். நியூட்டன். அழுதுட்டாங்க. 5.' '23. நீலச் சட்டை சார். ஓகேவா 46 தடவை. 4.' '24. உலகேஸ்வரி மிஸ். போர்டைப் பாத்துப் பேசுறாங்க. சந்தேகம் கேட்டா பதில் உண்டு. 6.' அந்த ஆறை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஏழு போட்டிருந்தாள். அதற்குக் கீழே வெறும் கோடு.

"ஏம்ட்டி இப்படிப் பண்ணின? எனக்கு வேற இடத்துல வேலை கிடைச்சிருந்துச்சு தெரியுமா?"

"நாளைக்குச் சொல்றேன்னு சொன்னிய மிஸ். நாளைக்கு நீங்க வரல்ல. இருபத்தி மூணு பேரும் அப்படித்தான் மிஸ் சொன்னாவ. விசிட்டர் நோட்டுல உங்க நம்பர் இருந்துச்சு. நான் சும்மா ஒரு நாளைக்குத்தான் நினைச்சேன். நீங்க தெனமும் வந்துட்டிய."

திட்ட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். "தர்மக்கண் சாருக்கு ரெண்டு செருமல்தான், நீ மூணு போட்டுட்ட" என்று மட்டும் சொன்னேன். அவள் ரொம்ப வருத்தப்பட்டாள். அந்தத் தப்புக்குத்தான் வருத்தப்பட்டாள், வேறு எதற்கும் இல்லை. "இனிமே ரெண்டு போடுதேன் மிஸ்" என்றாள். வேண்டாம், மூணே இருக்கட்டும், அப்போதுதான் எனக்கு வித்தியாசம் தெரியும் என்றேன். தர்மக்கண் சார் மாதிரி எப்படிக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு பேசுவது என்று கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். அதுதான் சொன்னேனே, சமீபத்தில் ஒட்டிக்கொண்டது என்று.

அதனால் நான் பரிதாபப்படுகிறேன் என்று நினைக்காதீங்க. நான் முடிவு செய்துவிட்டேன். இன்றைக்கு நம்பரைக் காட்டப் போகிறேன். பப்ளிக் எக்ஸாம் வருடத்தில் டிசி கொடுத்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும் என்று எல்லாம் நான் பார்க்க முடியாது. எனக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. இருபத்தேழு வயசு. நாலாவது பள்ளிக்கூடம். ஒரு ஆர்டர்கூட கையில் இல்லை. எத்தனை நாள் விசிட்டர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது? சார் வரட்டும், உள்ளே போகிறேன், போனை எடுக்கிறேன், காட்டுகிறேன்.

உங்களையும் ஏன் இன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார் தெரிகிறதா? நான் நம்பரைக் காட்டாவிட்டால் மின்னோட்டத்தில் மீதிப் பாதியை எடுக்க ஆள் வேண்டும். உங்களுக்கு என்ன தலைப்பு சொன்னார்? மின்தடை, தொடரிணைப்பு. பார்த்தீங்களா? சரியாக நான் நிறுத்திய இடம்.

டீச்சர், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், இங்கே வேண்டாம். பைபாஸ் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு நேற்று மறுபடி போன் வந்தது. அங்கே சேர்ந்த டீச்சருக்கு மதுரையில் கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டதாம். திங்கட்கிழமைக்குள் ஆள் வேண்டும் என்றார்கள். உங்கள் போனைக் கொடுங்க, நம்பரைப் போட்டுத் தருகிறேன். உலகேஸ்வரி சொன்னதாகச் சொல்லுங்க. நான் போகலாம்தான். ஆனால் எனக்கு ஏ.சி. ஒத்துக்கொள்ளாது. அங்கே லேப் நன்றாக இருக்கும், ஃபேன் எல்லாம் சுற்றும், உங்களை மாதிரி ஏழு பின் குத்துகிற ஆளுக்குச் சரியாக இருக்கும். பலூன் கொண்டுபோங்க. இந்தாங்க, என் பையில் ஒன்று இருக்கிறது.

தொடரிணைப்பை நீங்கள் எடுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்லி வீட்டிலிருந்து சீரியல் பல்பு கேட்டிருந்தேன். ஏழு பிள்ளைகள் கிறிஸ்மஸ் பல்பைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். ஒன்றைக் கழற்றினால் எல்லாம் ஏன் அணைகிறது என்று காட்ட வேண்டும். புது ஆள் எடுத்தால் குழம்பிவிடும். பத்து-பி உங்களுக்குச் சரிப்படாது, கேள்வி கேட்டு உயிரை எடுப்பார்கள். அது என் கிளாஸ். சும்மா சொல்கிறேன்.

இந்தப் போன் வேறு ரொம்ப ஸ்லோ ஆகிவிட்டது. இடம் இல்லை இடம் இல்லை என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. பழைய கால் லிஸ்ட்டை அவ்வப்போது அழித்துவிட வேண்டும் என்று என் தம்பி சொல்வான். ஒரு நிமிஷம். இப்படி அழுத்தினால்... எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்கிறது. ஆம். போய்விட்டது. பரவாயில்லை, இப்போது கொஞ்சம் வேகமாக இருக்கிற மாதிரி இல்லை?

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? போனில் இடம் இல்லை என்று சொன்னேனே.

மணி அடித்துவிட்டது. இரண்டாவது பீரியட். சாரைக் காணோம்.

உட்காருங்க, உட்காருங்க, எழுந்திருக்காதீங்க டீச்சர். அது சார் இல்லை. மாடிப்படிப் பக்கமிருந்து வருகிறது. செருமலை எண்ணினீங்களா? மூன்று. "சயின்ஸ் மேடம், உங்க செலக்‌ஷன் ப்ராசஸ் முடிஞ்சிருச்சு. பல்பு ரெடி, வரலாம்." கேட்டதா? கழுதை. கழுத்தைச் சரியாகச் சுருக்குகிறாள், ஆனால் சார் 'பல்பு' என்று சொல்ல மாட்டார், 'பல்ப்' என்பார். போய்ச் சொல்லித்தர வேண்டும்.

நான் வருகிறேன். அந்த ஆடுகிற நாற்காலியில் மட்டும் உட்காராதீங்க. சார் வந்து, "அந்த மேடம் எங்க?" என்று கேட்டால் கிளாஸில் இருக்காங்க என்று சொல்லுங்க. நம்பர் என்ன ஆச்சு என்று கேட்டால், நாளைக்குச் சொல்வாங்க என்று சொல்லுங்க.